வாப்பா வைத்த நெட்டிலிங்கமும் ராத்தாவின் பீலியும்



கச்சான் காற்று ஓய்ந்து செப்டம்பர் பிறந்தால் நம் ஊரில் மரம் வெட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். மாரிக்கு முன்னர் வளவைத் துப்புரவாக்க வேண்டும், பீலியைப் பார்க்க வேண்டும், மதிலோரம் சாய்ந்து நிற்கும் மரத்தை ஏதாவது செய்ய வேண்டும். இந்த மாதம் எங்கள் தெருவில் மட்டும் 4 நெட்டிலிங்க மரங்கள் பாதியோடு வெட்டப்பட்டு மொட்டையாக நிற்கின்றன. வெட்டியவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னாலும் ஒரு பீலி இருக்கும், ஒரு மதில் இருக்கும், பக்கத்து வீட்டோடு ஒரு வார்த்தைத் தடிப்பு இருக்கும். எங்கள் வீட்டு மரங்களும் அந்த வரிசையில் சேர இருந்தவைதான். எப்படித் தப்பின என்பதைச் சொன்னால் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன். இதில் வருகிற ராத்தாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பதிவிடுகிறேன். "எழுது, மறைக்க என்னத்த இரிக்கி" என்று சொல்லிவிட்டார்.

முதலில் மரத்தைப் பற்றி. நம் ஊரில் இதைப் பலரும் 'அசோகா' என்கிறோம். நாற்று விற்பவர்களும் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். உண்மையான அசோக மரம் வேறு. அது செம்மஞ்சள் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நம் வீட்டு வாசல்களில் கோபுரம் மாதிரி ஒடுங்கி, கிளைகளைக் கீழே தொங்கவிட்டு நிற்பது நெட்டிலிங்கம். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மரம் இது. சீத்தாப்பழமும் அன்னமுன்னாவும் இதன் குடும்பம். இளம் இலை செம்பு நிறத்தில் வந்து, பிறகு கரும்பச்சையாகி, ஓரம் அலை அலையாக நெளியும். வெளிறிய பச்சை நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள் வந்து போவது பலருக்குத் தெரியவே தெரியாது. பழம் கறுத்துப் பழுக்கும்போது பகலில் குயிலும் இரவில் வௌவாலும் வரும். காலையில் முற்றத்து இன்டர்லொக் கல்லில் கொட்டைகள் சிதறிக் கிடக்கும்.

இந்த மரம் நம் ஊருக்குள் இவ்வளவு பரவியதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமல்ல. நம் வளவுகள் சுருங்கிப் போனதும் ஒரு காரணம். கிழக்கில் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். ஒரு வளவு இரண்டாகும், இரண்டு நான்காகும். உம்மம்மாவின் காலத்தில் மாமரமும் முருங்கையும் கிணறும் ஆட்டுப்பட்டியும் இருந்த வளவில் இன்று மூன்று வீடுகள் நிற்கின்றன. எங்கள் வாப்பாவின் 12 பேர்ச் வளவு ராத்தாவுக்கு 6, எனக்கு 6 என்று பிரிந்தது. ஆறு பேர்ச்சில் வீட்டையும் கட்டி, மாமரமும் வைக்க ஏலாது. அகலம் கேட்காமல் உயரத்துக்குப் போகும் நெட்டிலிங்கம் அங்கேதான் கைகொடுக்கிறது.

ஆனால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. வளவு பிரியும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாரோ ஒருவர் அல்ல, கூடப் பிறந்தவர். நம் ஊரில் மதில் சண்டைகளில் பாதி அக்கா தங்கச்சிச் சண்டைதான். வெளியார் என்றால் ஸலாத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கூடப் பிறந்தவரோடு பேச்சு நின்றால் பெருநாள் நிற்கும், கந்தூரி நிற்கும், உம்மா நடுவில் நின்று அழுவார்.

எங்கள் மரங்களை வாப்பா 2006இல் வைத்தார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது எங்கள் வீட்டுக்கும் ராத்தா வீட்டுக்கும் நடுவில் இருந்த மதில் முழுவதும் விழுந்தது. தென்னைகள் தப்பின. உப்புத் தண்ணீர் நின்ற மண்ணில் மாமரம் சில மாதங்களில் பட்டுப்போனது. மதிலைத் திரும்பக் கட்டிய பிறகு, வெறித்துப் போயிருந்த பின்வளவைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் வாப்பா இரண்டு நெட்டிலிங்கக் கன்றுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். மதிலில் இருந்து இரண்டடி தள்ளி, என் பக்கத்தில் வைத்தார். கிணற்றுத் தண்ணீரின் உப்பு அப்போது முழுதாகப் போயிருக்கவில்லை. குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து வந்து ஊற்றுவார். ராத்தாவின் மூத்த மகன்தான் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடப்பான்.

2017இல் வாப்பா வபாத்தானார். உம்மா இத்தா இருந்த 4 மாதமும் 10 நாளும் அந்த மரங்களின் அருமை எனக்குத் தெரிந்தது. ராத்தாவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் மேல்மாடி எழும்பியிருந்தது. அதன் பல்கனி நேரே எங்கள் பின் விறாந்தையைப் பார்க்கும். அறைக்குள்ளேயே இருந்து இருந்து உம்மாவுக்கு மூச்சு முட்டியது. அந்த இரண்டு மரங்களும் மறைப்பாக நின்றதால்தான் அஸருக்குப் பிறகு பின் விறாந்தையில் வந்து காற்றுப்பட இருக்க முடிந்தது. திரைச்சீலை கட்டி மறைத்திருக்கலாம்தான். திரைச்சீலை வழியாகக் காற்று வராது. "உங்கட வாப்பா எனக்கெண்டு வெச்சிட்டுப் போன மரம் மகள்" என்று உம்மா அப்போது சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

பிரச்சினை போன வருடம் ஜனவரியில் வந்தது. ராத்தாவின் கடைசி மகனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் இரத்தம் பார்த்தபோது டெங்கு என்றார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கும்போது ஒரு தாயின் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்தான். அதற்கிடையில் சுகாதாரப் பரிசோதகர் வந்து சுற்றுப்புறம் முழுக்கப் பார்த்தார். ராத்தாவின் கூரைப் பீலியில் நெட்டிலிங்க இலை மக்கிச் சேறாகி, அடைத்து, மழைத் தண்ணீர் தேங்கி, அதற்குள் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

பிள்ளையைக் கடித்த நுளம்பு அந்தப் பீலியில்தான் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கலாம், மத்ரஸாவில் கடித்திருக்கலாம். ஆனால் பயந்துபோன மனதுக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் கண்ணுக்கு முன்னால் இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. மச்சான் வந்து அமைதியாகத்தான் சொன்னார்: "தங்கச்சி, ரெண்டு மரத்தையும் எடுத்துருவம். செலவ நான் தாறன்."

உம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

சட்டம் இந்த மரத்துக்குத் துணை நிற்காது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட நம் நாட்டில் அனுமதி எடுக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இவற்றைக் காக்கிறது. நெட்டிலிங்கத்துக்கு அப்படி ஒரு காவல் இல்லை. சாப்பிடப் பழம் தராது, விற்கப் பலகை தராது. ஒரு வாளும் ஒரு காலை நேரமும் போதும். வீட்டுக்காரரின் மனம் ஒன்றுதான் அதற்குக் காவல்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று எங்களுக்குத் தெரிந்த மௌலவி ஒருவரிடம் கேட்டேன். ஷாபிஈ மத்ஹப் நூல்களில் ஸுல்ஹ், அதாவது சமாதானம் பற்றிய பாடத்தில் இதே விடயம் பேசப்படுகிறது என்றார். ஒருவருடைய மரத்தின் கிளை அடுத்தவரின் வளவுக்கு மேலே நீண்டால், அதை அகற்றும்படி கேட்க அடுத்தவருக்கு உரிமை உண்டு. மரத்துக்காரர் மறுத்தால், அடுத்தவர் முதலில் அந்தக் கிளையைத் தன் பக்கத்தில் இருந்து வளைத்துத் திருப்பிவிட வேண்டும். அது முடியாவிட்டால் வெட்டலாம். அந்தரத்தில் நிற்கும் கிளையை அப்படியே விட்டு வைப்பதற்குப் பணம் பேசிச் சமாதானம் செய்வது செல்லாது, காற்றுவெளியைத் தனியாக விற்க முடியாது. நூற்றாண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த இமாம்கள் ஒரு கிளைக்காக இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். மதிலோரச் சண்டை அவர்கள் காலத்திலும் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

இன்னொன்றையும் மௌலவி நினைவூட்டினார். ஒரு முஸ்லிம் நட்ட மரத்தில் இருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். பாதையில் மக்களுக்குத் தொல்லையாக இருந்த ஒரு மரத்தை வெட்டி அகற்றிய மனிதர் அதற்காகவே சுவர்க்கத்தில் இன்பம் அனுபவிப்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டதாகவும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நட்டவருக்கும் நன்மை, தொல்லையை வெட்டியவருக்கும் நன்மை. இந்த இரண்டையும் ஒரே மரத்தில் எப்படிச் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கத்தரித்தல் என்பது அதுதான். மரத்தை வைத்துக்கொண்டு தொல்லையை மட்டும் எடுப்பது.

ராத்தாவிடம் போய்ச் சொன்னேன்: "ஒரு மாரி மட்டும் பாருங்க. நான் சொல்ற மாதிரி கத்தரிச்சிப் பாப்பம். அடுத்த மாரியிலயும் உங்கட பீலி அடைச்சா நானே ஆள் புடிச்சி ரெண்டையும் எடுக்கிறன்." ராத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு மரத்தோட கோவமில்ல தங்கச்சி. புள்ளைக்குக் காய்ச்சல் வந்த அண்டைக்கு நீ வேலைக்குப் போய்ட்டு வந்துதான் எட்டிப் பாத்த. அந்தக் கோவந்தான்." மரத்தைப் பற்றி ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் பேச வேண்டியது அதுவாக இருந்திருக்கிறது. அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் எழும்பினோம்.

இனி வேலைக்கு வருகிறேன்.

தென்னை ஏறுகிற, மரம் வெட்டுகிற காக்கா ஒருவரைக் கூப்பிட்டோம். வந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சர், நடுவால வெட்டி உடுவம். அஞ்சு வருசத்துக்குக் கரச்சல் இரிக்காது" என்றார்.

"அஞ்சு வருசத்துக்குப் பொறகு காக்கா?"

சிரித்தார். "அப்ப திரும்பவும் என்னத்தானே கூப்புடுவீங்க."

அவர் சிரித்துக்கொண்டு சொன்னதில் முழு விடயமும் இருக்கிறது. மரத்தின் உச்சிக் குருத்தில் ஒட்சின் என்ற ஓமோன் உண்டாகிக் கீழே இறங்குகிறது. அது பக்க அரும்புகளை அடக்கி வைக்கிறது. அதனால்தான் மரம் நேராக மேலே போகிறது. உச்சியை வெட்டினால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். வெட்டிய இடத்துக்குக் கீழே இருந்து ஐந்தாறு குருத்துகள் ஒரே நேரத்தில் கிளம்பும். ஒவ்வொன்றும் தானே தலைவன் என்று மேலே ஓடும். இவை பழைய கிளையைப் போல மரத்தின் உள்ளே இருந்து பிடிமானத்தோடு வந்தவை அல்ல, மேல்தோலை ஒட்டி முளைத்தவை. தடிக்கத் தடிக்கப் பாரம் கூடும், பிடிமானம் அதற்கு ஏற்றாற்போல் இருக்காது. அதே நேரம் வெட்டுப்பட்ட நடுத்தண்டின் தட்டையான முகத்தில் மழைத் தண்ணீர் நின்று உள்ளே உக்கத் தொடங்கும். ஐந்து வருடம் கழித்து ஒரு மரம் இருந்த இடத்தில் ஐந்து பலவீனமான மரங்கள் ஒரு உக்கிய கட்டையின் மேல் நிற்கும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட நம் மூத்தவர்களுக்குக் காற்றில் ஒரு கிளை முறிந்தால் எங்கே விழும் என்று சொல்லித் தரத் தேவையில்லை.

மலையகத்தில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவது இதே அறிவை வைத்துத்தான். அங்கே நிறையப் பக்கக் குருத்துகள் வேண்டும், செடி உயரக் கூடாது. அதனால் உச்சியை வெட்டுகிறார்கள். நமக்கு வேண்டியது நேர்மாறு. நெட்டிலிங்கம் ஒடுங்கி நிற்பதே உச்சிக் குருத்து இருப்பதால்தான்.

காக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. "அப்ப எந்தக் கொப்ப எடுக்கிறெண்டு நீங்க நிண்டு சொல்லுங்க" என்றார். நான் கீழே நின்று காட்ட, அவர் மேலே வெட்டினார். நான் புத்தகத்தில் வாசித்ததை அவர் கையால் அறிந்திருந்தார். கொஞ்சம் தடித்த கொப்பை எடுக்கும்போது முதலில் கீழ்ப்பக்கமாக ஒரு வெட்டு, பிறகு கொஞ்சம் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு. கொப்பு விழுந்த பிறகு மிச்சக் கட்டையைத் தண்டோடு சேர்த்துச் சுத்தமாக எடுத்தார். "கீழால வெட்டாட்டி தோல் உரிஞ்சி தண்டு வரைக்கும் போயிரும் டீச்சர்." நான் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னேன். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சுற்றிவர ஒரு வீக்கம் போல இருக்கும். அதை வெட்டக் கூடாது, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். மரம் தன் காயத்தை மூடுவது அந்த வீக்கத்தில் இருந்துதான். அதையும் சேர்த்து வழித்து வெட்டினால் காயம் மூடாது. நீளமாகக் கட்டை விட்டு வெட்டினாலும் மூடாது, கட்டை உக்கி அந்த உக்கல் உள்ளே போகும். வெட்டிய இடத்தில் தார், பெயின்ட், சீமெந்து எதுவும் பூசத் தேவையில்லை. மரம் தானே மூடிக்கொள்ளும்.

அன்று நாங்கள் எடுத்தவை இவ்வளவுதான். உள்ளே காய்ந்து தொங்கிய கொப்புகள் முழுவதையும் எடுத்தோம். கிளைகள் தண்டை ஒட்டித் தொங்குகிற மரம் என்பதால் பல வருடத்துக் காய்ந்த கொப்பும் சருகும் உள்ளேயே சிக்கியிருந்தன. வெளியே பச்சையாகத் தெரிந்த மரத்துக்குள் இருந்து இரண்டு சாக்குக் குப்பை வந்தது. ராத்தாவின் கூரைப் பக்கம் நீண்ட கிளைகளை எடுத்தோம். கீழே நான்கடி உயரம் வரை துப்புரவாக்கினோம், காற்றும் வெளிச்சமும் நிலத்தில் பட. ஒரு மரத்தில் உச்சி இரண்டாகப் பிரிந்திருந்தது. அதில் மெலிந்ததை எடுத்து ஒன்றை மட்டும் விட்டோம். பல்கனியை மறைக்கும் பக்கத்தைத் தொடவில்லை. கூட்டிப் பார்த்தால் மொத்தப் பச்சையில் கால்வாசிக்கும் குறைவு. அதற்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. இலைதான் மரத்தின் அடுப்பு. அடுப்பை அணைத்துவிட்டு மரத்துக்குச் சாப்பாடு கிடைக்காது.

மச்சான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாளி தூக்கிய மூத்த மகன், இப்போது வளர்ந்த ஆம்பிளை, கொப்புகளை இழுத்துப் போட்டான். உம்மா எல்லோருக்கும் பிளேன்டீ அனுப்பினார். எட்டிப் பார்த்து, "மொட்டையடிக்கலதானே?" என்று மூன்று தடவை கேட்டார்.

பீலியைப் பற்றி ஒரு விடயம். நாற்று விற்கும் இடத்தில், 'எப்போதும் பச்சையாக நிற்கும், குப்பை விழாது' என்று சொல்வார்கள். எப்போதும் பச்சையாக நிற்கிற மரம் என்றால் இலையே உதிராத மரம் என்று அர்த்தமில்லை. எல்லா இலையும் ஒரே நேரத்தில் விழாது, அவ்வளவுதான். ஒவ்வொரு இலைக்கும் ஒரு தவணை உண்டு. புதுக் குருத்து வரும் காலத்தில் பழைய இலை இன்னும் அதிகமாக விழும். நெட்டிலிங்க இலை தடிப்பானது, கெதியில் உக்காது, பீலியில் விழுந்தால் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து தண்ணீரை மறித்துவிடும். ஆகவே எவ்வளவு கத்தரித்தாலும் பீலியைப் பார்க்கிற வேலை போகாது. டெங்கு நுளம்பு முட்டையில் இருந்து பறக்கிற நுளம்பாக வர ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை ஈரமில்லாத இடத்திலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் மாரியில் வாரத்துக்கு ஒரு தடவை பீலியில் கை வைக்கத்தான் வேண்டும். ராத்தாவின் பீலிக்கு மேலே கம்பிவலை அடித்தோம். சனிக்கிழமைகளில் என் மகனும் ராத்தாவின் மகனும் இரண்டு வீட்டுப் பீலியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு செப்டம்பரிலும், மாரிக்கு முன்னர், ஒரு நாள் இரண்டு வீடும் சேர்ந்து மரத்தைப் பார்ப்பது. நீண்டதை எடுப்பது, காய்ந்ததை எடுப்பது. அவ்வளவுதான். போன செப்டம்பரில் அரை நாளில் முடிந்தது. காக்கா ஏறத் தேவையில்லாமல் ஏணியில் நின்று கைவாளாலும் கத்தரியாலுமே முடித்தோம். போன மாரி முழுக்க ராத்தாவின் பீலி ஒரு தடவையும் அடைக்கவில்லை. இந்த வருடம் ஒரு குருவி அந்த நாளில் கூடு கட்டியிருந்தது. குஞ்சுகள் பறக்கும் வரை இரண்டு கிழமை தள்ளிப் போட்டோம். ராத்தாதான் முதலில் கண்டு, "இப்ப வெட்டாத, குஞ்சு இரிக்கி" என்று மதிலுக்கு மேலால் சொன்னார்.

மரம் வைத்திருப்பவர்களுக்குச் சில விடயங்கள்:

கன்று வைக்கும்போதே மேலே பாருங்கள். மின்கம்பி போகிற நேருக்குக் கீழே நெட்டிலிங்கம் வேண்டாம். ஏற்கனவே வளர்ந்து கம்பியைத் தொடுகிறது என்றால் நீங்களோ கூலிக்காரரோ ஏற வேண்டாம். மின்சார விநியோக நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்கள் வந்து பார்த்த பிறகு வெட்டுங்கள். பச்சைக் கொப்பில் மின்சாரம் ஓடும்.

உயரத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் மரம் இளசாக இருக்கும்போதே தொடங்குங்கள். எந்த இடத்தில் வெட்டுகிறீர்களோ அதற்குச் சரியாகக் கீழே ஒரு பக்கக் கிளை இருக்க வேண்டும். அந்தக் கிளை வெட்டுகிற தண்டின் மூன்றில் ஒரு பங்கு தடிப்பாவது இருந்தால்தான் தலைமையை ஏற்றுக்கொள்ளும். முதிர்ந்த நெட்டிலிங்கத்தில் பக்கக் கிளைகள் மெலிந்தவை. அப்போது இது கஷ்டம். தள்ளிப் போட்ட வேலைக்குத்தான் கோடரி தேவைப்படுகிறது.

துஜா வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நெட்டிலிங்கம் தண்டில் இருந்தும் திரும்பத் துளிர்க்கும். துஜா அப்படியல்ல. பச்சை இருக்கிற பகுதிக்குள் மட்டும் கத்தரிக்க வேண்டும். உள்ளே பழுப்பாகக் கிடக்கும் கொப்பு வரைக்கும் வெட்டினால் அந்த இடம் பிறகு பச்சையாகாது, ஓட்டையாகவே நிற்கும்.

ஏறுவதற்கு முன்னர் முசுறு கூடு, குளவிக் கூடு, குருவிக் கூடு மூன்றையும் பாருங்கள். வெட்டிய இலையை எரிக்காதீர்கள். அடுத்த வீட்டில் தொய்வு வருத்தக்காரர் இருக்கலாம். வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் அடியில் பரப்பிவிடுங்கள். மெதுவாகத்தான் உக்கும், ஆனால் அடுத்த கோடையில் மண் ஈரம் காக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னர், மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிட்டு, "எந்தக் கொப்பு உங்களுக்குக் கரச்சலா இரிக்கி?" என்று கேளுங்கள். அவர் வந்து கேட்பது அவருடைய உரிமை. அவர் கேட்க முதல் நாம் கேட்டால் அது இஹ்ஸான். மரத்தை வருடம் ஒரு நாள் பார்த்தால் வாள் போதும், பத்து வருடம் பார்க்காமல் விட்டால் கோடரிதான். உறவும் அப்படித்தான் என்று நான் இந்த இரண்டு வருடத்தில் படித்துக்கொண்டேன். ஒரு கிளைக்காகப் பேசாமல் இருக்கும் கூடப்பிறந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று நமக்கே தெரியும். இந்தச் செப்டம்பர் முடிவதற்குள் அவர்களில் இரண்டு பேராவது ஒரு ஏணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

மரத்தை நட்டுவிட்டுப் போன எல்லா வாப்பாமாருக்கும் அல்லாஹ் மறுமையில் நிழலைக் கொடுப்பானாக. துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.